கண்புரை அறுவையோடு சிலிண்டர் பவரையும் சரிசெய்வது: அளவெடுப்பதில் தொடங்கி ஒரு மாதக் கண்ணாடி வரை

“நாடியை நன்றாக வையுங்கள் அம்மா. நெற்றியைப் பட்டையோடு ஒட்டுங்கள். இரண்டு முறை சிமிட்டுங்கள். இப்போது அகலத் திறந்து, உள்ளே தெரியும் வெளிச்சத்தையே பாருங்கள்.” அளவெடுக்கும் அறையில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை நான் சொல்லும் சொற்கள் இவை. அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் கருவி எடுத்துத் தரும் எண்களை நம்பித்தான் கண்ணுக்குள் லென்ஸ் போகிறது; வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்கப்போகிற லென்ஸ். புரை அறுவைக்கு வருகிறவர்கள் வலிக்குமா, ஊசி உண்டா, எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்றெல்லாம் கேட்பார்கள். அளவெடுப்பதைப் பற்றிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சிலிண்டர் பவர் உள்ளவருக்கு, அறுவைக்குப் பின் கண்ணாடியில்லாமல் தூரம் தெரியுமா என்பதில் பெரும் பங்கு இந்த நாற்காலியில் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அறுவை அரங்கைவிட அளவெடுக்கும் மேசைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணாடிச் சீட்டில் ஸ்பியர், சிலிண்டர், அச்சு என மூன்று கட்டங்கள் இருக்கும். அச்சு என்பது சிலிண்டர் எந்தத் திசையில் என்று டிகிரியில் சொல்வது: 90 செங்குத்து, 180 கிடை. கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் கருவிழி, பந்துபோல எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருந்தால் சிலிண்டர் கட்டம் காலியாக இருக்கும். ஒரு முட்டையைப் படுக்கவைத்துப் பாருங்கள். நீளவாக்கில் குறைவாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் வளைந்திருக்கும். கருவிழி அப்படி அமைந்துவிட்டால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. ஒரு திசையின் ஒளி சற்று முன்பும் மறுதிசையின் ஒளி சற்றுப் பின்பும் குவியும். பாடநூல் இதைப் பார்வைச் சிதறல் குறைபாடு என்கிறது. கண்ணாடிக் கடைகளில் சிலிண்டர் என்றால்தான் புரியும். அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர், தன் இடது கண்ணுக்கு ஒளிப்புள்ளி கோடாகத் தெரிவதைக் கவனித்து, 1825-இல் அதைத் தானே அளந்து, இப்ஸ்விச் ஊர்க் கைவினைஞர் ஒருவரிடம் உருளை வடிவ வளைவுள்ள லென்ஸ் செய்து வாங்கிப் போட்டுக்கொண்டார். இன்று நாம் போடும் சிலிண்டர் கண்ணாடிக்கு அதுவே முன்னோடி.

நிலா இரண்டு மூன்றாகத் தெரிவது, எதிரே வரும் வண்டியின் விளக்கிலிருந்து ஒரே திசையில் கீற்று நீள்வது, பஸ்ஸின் எண் 3-ஆ 8-ஆ என்று தடுமாறுவது எல்லாம் சிலிண்டரின் அடையாளங்கள். புரையும் இதே தொல்லைகளைத் தரும் என்பதால், இரண்டில் எது காரணம் என்று நோயாளியால் பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் குழப்பம் பாதி தீரும். சிலிண்டர் இரண்டு இடங்களிலிருந்து வரலாம்: வெளியே இருக்கும் கருவிழியிலிருந்தும், உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸிலிருந்தும். புரை என்பது அந்த இயற்கை லென்ஸ் மங்கிப்போவதுதான். அறுவையில் அதை எடுத்துவிட்டால் அதன் பங்குச் சிலிண்டரும் அதோடு போய்விடும். கருவிழியின் பங்கு மட்டும் மிஞ்சும். சிலருக்கு இரண்டும் எதிர்த்திசையில் இருந்து ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டிருக்கும். “கண்ணாடியில் எனக்குச் சிலிண்டரே கிடையாதே” என்பவரின் கருவிழியில் ஒன்றரை டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நேர்மாறாக, கண்ணாடியில் 2 இருப்பவருக்குக் கருவிழியில் அரைதான் இருக்கும். எனவே பழைய கண்ணாடிச் சீட்டை வைத்து ‘எனக்கு டோரிக் (சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தும் உள்லென்ஸ்) வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ முன்கூட்டியே முடிவுகட்டாதீர்கள். ஆனாலும் அந்தச் சீட்டைக் கொண்டுவாருங்கள், ஒப்பிட உதவும்.

இன்னொன்று: இளமையில் கருவிழி பெரும்பாலும் செங்குத்துத் திசையில் அதிகம் வளைந்திருக்கும். வயது ஏற ஏற அது மெல்லக் கிடைத்திசைக்கு மாறும். புரை வரும் வயதில் பலருக்குக் கிடைவளைவே மேலோங்கியிருக்கும். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இதற்குப் பங்கு உண்டு. புரைக்கு வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கருவிழியில் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ சிலிண்டர் இருக்கிறது. ஆகவே இது அரிய சிக்கல் இல்லை.

அளவெடுக்கும் முன்: கண்ணின் மேற்பரப்பைத் தயார்செய்வது

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் கூட்டம் அதிகம். நேரத்தை மிச்சப்படுத்த, வந்தவுடன் எல்லோருக்கும் மரத்துப்போகும் சொட்டும் கண்மணியை விரிக்கும் சொட்டும் போட்டு, கண் அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் அளவெடுக்கும் மேசைக்கு அனுப்புவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவரின் எண்களை நான் எடுத்தேன். எண்கள் கொஞ்சம் அலைந்தன. வரிசை நீண்டிருந்தது, சராசரியை எழுதிக்கொடுத்தேன். டோரிக் லென்ஸ் குறையில்லாமல் பொருத்தப்பட்டது. ஒரு மாதம் கழித்து ஒன்றேகால் சிலிண்டர் மிச்சமிருந்தது. கூடுதல் பணம் கட்டியவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கண்ணாடிச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வரிசை எவ்வளவு நீண்டாலும் அலையும் எண்ணை நான் எழுதிக்கொடுப்பதில்லை.

கருவி அளப்பது கருவிழியின் மேலிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் பிரதிபலிக்கும் ஒளியை. அந்தப் படலம் கெட்டிருந்தால் பிரதிபலிப்பும் கோணும். அதனால்:

கண்ணைத் தொடும் எந்தச் சோதனைக்கும், எந்தச் சொட்டுக்கும் முன்னால் கருவிழி அளவு எடுக்கப்பட வேண்டும். செவிலியர் சொட்டுப் புட்டியோடு வந்தால், “அளவு எடுத்தாகிவிட்டதா?” என்று நீங்களே கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவைத்துவிட்டு வர வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு வாரம், கடினமான லென்ஸ் என்றால் மூன்று வாரம் என்பது பொதுவான கணக்கு. பல ஆண்டுகளாகக் கடின லென்ஸ் போட்டவர்களின் கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்ப அதற்கு மேலும் ஆகலாம். “நேற்று மட்டும்தான் போட்டேன்” என்பதை மறைக்காதீர்கள். அந்த ஒரு நாள் எண்களில் தெரியும். காரணம் எங்களுக்குத் தெரியாமல் போனால்தான் ஆபத்து.

கண் வறட்சி இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம். உறுத்தல், எரிச்சல், படிக்கும்போது கண் கலங்கி மங்குவது ஆகியவற்றை ‘வயசானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நான் அடுத்தடுத்து மூன்று முறை அளந்தபோது அச்சு 172, 15, 150 என்று வந்தது. இமை விளிம்புகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தன. வெந்நீர் ஒத்தடமும் கண்ணீர்ச் சொட்டும் எழுதிக்கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார் மருத்துவர். மகன் வெளியூரிலிருந்து விடுப்பெடுத்து வந்திருந்ததால் அவர்களுக்கு வருத்தம். திரும்பி வந்தபோது 178, 180, 179 என்று நின்றது. அந்த மூன்று வாரத்துக்கு ஈடாக வேறெந்தக் கருவியும் இல்லை.

வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கு, மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்ந்திருக்கலாம். அது கருவிழியை இழுத்து, போலியான சிலிண்டரை உண்டாக்கும். பெரிதாக இருந்தால் முதலில் சதையை அகற்றிவிட்டு, கருவிழி நிலைபெறச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை காத்திருந்து அளப்பதே முறை. சதையோடு அளந்து டோரிக் வைத்துவிட்டு, பிறகு சதையை எடுத்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

அளவெடுப்பது: அந்தத் தாளில் என்ன இருக்கிறது

பயோமெட்ரி என்ற இந்தச் சோதனை கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்கிறது. ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடுவதில்லை. புரை மிகவும் முற்றிப் பழுத்திருந்தால் ஒளி உள்ளே போகாது. அப்போது நீளத்தை மட்டும் ஒலியலைக் கருவியால் அளப்பார்கள். புரை ‘பழுக்கட்டும்’ என்று காத்திருக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.

தாளில் கே1, கே2 என்று இரண்டு எண்கள் இருக்கும். கே1 தட்டையான திசையின் வளைவு. கே2 அதிகம் வளைந்த திசையின் வளைவு. ஒரு வலது கண்ணின் தாளில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கே1 43.25 டயாப்டர், 85 டிகிரியில், கே2 45.00 டயாப்டர், 175 டிகிரியில். இரண்டின் வித்தியாசம் 1.75. அதுவே கருவிழியின் சிலிண்டர். அதிக வளைவு 175 டிகிரியில், அதாவது ஏறத்தாழக் கிடையாக இருக்கிறது. இதே கண்ணுக்குக் கண்ணாடி எழுதினால், இங்குள்ள வழக்கப்படி மைனஸ் சிலிண்டரில் அச்சு 85 என்று வரும். அறுவைக்குப் பின் தரும் அட்டையில் டோரிக் லென்ஸின் அச்சு 175-ஐ ஒட்டி இருப்பதைப் பார்த்து, “90 டிகிரி மாற்றி வைத்துவிட்டார்கள்” என்று பதறி வந்தவர்கள் உண்டு. எழுதும் முறைதான் வேறு. லென்ஸ் சரியான இடத்திலேயே இருக்கிறது.

நான் இரண்டு கண்களின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இயற்கை பெரும்பாலும் இரு கண்களையும் கண்ணாடிப் பிம்பம்போல அமைக்கிறது. வலது கண்ணில் அச்சு 175 என்றால் இடது கண்ணில் 5-ஐ ஒட்டி வரும், கூட்டினால் 180. அப்படி வரவில்லை என்றால் மறுபடி அளக்கிறேன். பிறகு வேறொரு கருவியிலும் அளந்து, இரண்டும் அச்சில் 10 டிகிரிக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வேன்.

டோரிக் பற்றி யோசிக்கும் எவருக்கும் டோப்போகிராஃபி என்ற வரைபடம் தேவை. கருவிழியின் மேடுபள்ளத்தை நிறங்களாகக் காட்டும் படம் அது. நடுவே சீரான எட்டு வடிவம் தெரிந்தால் ஒழுங்கான சிலிண்டர், லென்ஸால் திருத்தலாம். எட்டு கோணிக்கொண்டோ, ஒரு பக்கம் பெரிதாகவோ, அச்சு வளைந்தோ இருந்தால், கூம்புக் கருவிழியோ பழைய புண்ணின் தழும்போ காரணமாக இருக்கலாம். ஒழுங்கற்ற சிலிண்டரை டோரிக் லென்ஸ் முழுமையாகத் திருத்தாது.

நெடுங்காலம் எல்லோரும் கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் அளந்து கணக்குப் போட்டார்கள். கருவிழிக்குப் பின்பக்கமும் உண்டு. அதன் சிலிண்டர் சராசரியாக 0.3 டயாப்டர்தான், ஆனால் பெரும்பாலானோருக்கு அது ஒரே திசையில் செயல்படுகிறது. அமெரிக்காவின் டக்ளஸ் காக் குழு 2012-இல் இதை விரிவாக அளந்து வெளியிட்ட பிறகு பல பழைய ஏமாற்றங்களுக்கு விளக்கம் கிடைத்தது. செங்குத்தாக அதிகம் வளைந்த கண்களில் முன்பக்க அளவை அப்படியே நம்பினால் தேவைக்கு அதிகமாகத் திருத்திவிடுவோம். கிடையாக அதிகம் வளைந்த கண்களில் குறைவாகத் திருத்துவோம். நாம் பார்த்த 1.75 கண், உண்மையில் 2-ஐ ஒட்டிய கண். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர் கிரஹாம் பேரட் உருவாக்கிய கணிப்பான் போன்றவை இந்தப் பின்பக்கத்தையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. உங்கள் மருத்துவரிடம், “பின்பக்கக் கருவிழியையும் கணக்கில் எடுத்தீர்களா?” என்று கேளுங்கள். நியாயமான கேள்வி அது.

எந்த முறை யாருக்கு

அரை டயாப்டருக்குக் கீழ் என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த அளவு பெரும்பாலோருக்கு உறுத்தாது.

அதற்கு மேல் போனால் முதலில் யோசிக்க வேண்டியது வெட்டின் இடம். கருவிழியின் ஓரத்தில் எங்கே வெட்டினாலும் அந்தத் திசை சற்றுத் தட்டையாகும். புரையை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையில் வெட்டு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர்தான்; விளைவும் சிறிது. முகாம்களில் பெரிதும் செய்யப்படும் தையலில்லா அறுவையில் வெட்டு 6 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் விளைவும் பெரிது. வெட்டை மேல்பக்கமாகப் போட்டால் செங்குத்துத் திசை தட்டையாகும். ஏற்கெனவே கிடைவளைவு மேலோங்கிய முதியவருக்கு இது இருக்கும் சிலிண்டரை இன்னும் கூட்டிவிடும். அவருக்குப் பொட்டுப் பக்கமாக, அதாவது காதை நோக்கிய ஓரத்தில் வெட்டினால் கிடைத்திசை தட்டையாகி, சிலிண்டர் குறையும். ஒரு ரூபாய்கூட அதிகச் செலவில்லாத திருத்தம் இது. வெட்டும் இடத்தை மாற்றினாலே போதும். இலவச அறுவை செய்துகொள்கிறவருக்கும் இது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முக்கால் முதல் ஒன்றேகால் வரை உள்ளவர்களுக்கு, கருவிழியின் விளிம்பில் வில்போல ஒன்றோ இரண்டோ கீறல் போட்டு அந்தத் திசையைத் தளர்த்தும் முறை உண்டு. கையால் வைரக்கத்தி கொண்டும் செய்யலாம், லேசராலும் செய்யலாம். சிறப்பு லென்ஸ் தேவையில்லை. ஆனால் கீறல் ஆறும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் விளைவைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. வறட்சியும் சில மாதங்கள் கூடலாம்.

ஒன்றேகாலுக்கு மேல் டோரிக் லென்ஸ்தான் நம்பகமானது. கிடைவளைவு உள்ளவர்களுக்குப் பின்பக்கமும் சேர்ந்துகொள்வதால் அதைவிடக் குறைந்த அளவிலேயே டோரிக்கை யோசிக்கலாம். ஹரோல்ட் ரிட்லி 1949 நவம்பரில் லண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். அந்த லென்ஸிலேயே சிலிண்டரையும் சேர்த்துச் செய்தவர் ஜப்பானின் ஷிமிஸு, 1992-இல். அந்த முதல் டோரிக் லென்ஸ்களைப் பொருத்தப் பெரிய வெட்டு வேண்டியிருந்தது. கண்ணுக்குள் சுழலவும் செய்தன. இன்றைய டோரிக் லென்ஸ் மடித்து உள்ளே செலுத்தப்படுகிறது, பெரும்பாலும் வைத்த இடத்தில் நிற்கிறது.

அது ஏன் நிற்க வேண்டும் என்பதைக் கடிகார முகத்தை வைத்துச் சொல்லலாம். ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 டிகிரி. லென்ஸ் ஒரு டிகிரி விலகினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 விழுக்காடு போகும். ஒரு நிமிடக் கோடு அளவு விலகினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பத்து டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து நிமிடம், அதாவது 30 டிகிரி விலகினால் வைத்ததற்குப் பலனே இல்லை. அதையும் தாண்டினால் இருந்த சிலிண்டரைவிட அதிகமாகிவிடும். அச்சை மூன்று முறை அளந்தே தீருவேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்தக் கணக்கால்தான்.

லென்ஸ் பையை, அதாவது இயற்கை லென்ஸைச் சுற்றியிருக்கும் உறையை, தாங்கும் நுண்ணிழைகள் பலவீனமானவர்கள், கருவிழி ஒழுங்கற்றவர்கள், விழித்திரை நடுப்பகுதி மிகவும் கெட்டவர்கள் ஆகியோருக்கு டோரிக் ஏற்றதல்ல அல்லது பலன் குறைவு. அறுவையின்போது அந்தப் பையின் பின்பக்கம் கிழிந்துவிட்டால் மருத்துவர் சாதாரண லென்ஸுக்கு மாற வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கண்ணாடி என்ற வழியும் இருக்கிறது. சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டு, மிச்சச் சிலிண்டருக்குக் கண்ணாடி போடுவதில் எந்தக் குறையும் இல்லை. வாழ்நாளெல்லாம் கண்ணாடி போட்டுப் பழகியவர், பணத்தை வேறு தேவைக்கு வைத்திருக்கிறார் என்றால் நான் அவரை டோரிக்குக்குத் தள்ள மாட்டேன்.

பணம், எதிர்பார்ப்பு, கேள்விகள்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பகுதியாக 1992-இல் ஆரோலாப் உள்நாட்டிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் கண்ணுக்குள் லென்ஸ் என்பது ஏழைக்கும் எட்டியது. ஆனால் இலவச அறுவையில் பொதுவாகப் பொருத்தப்படுவது ஒற்றைக்குவியச் சாதாரண லென்ஸ். டோரிக்குக்குக் கூடுதல் தொகை ஆகும். காப்பீடு இருந்தால், லென்ஸுக்கு உச்சவரம்பு உண்டா, வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டோரிக் வைத்தால் தூரத்துக்கு மட்டுமே கண்ணாடியின் தேவை குறையும். செய்தித்தாள், செல்போன், ஊசியில் நூல் கோக்க ஆகியவற்றுக்குப் படிக்கும் கண்ணாடி வேண்டும். டோரிக் வேறு, தூரம் கிட்டம் இரண்டையும் காட்டும் மல்டிஃபோகல் வேறு. இரண்டும் சேர்ந்த லென்ஸும் இருக்கிறது. அதற்கு இரவில் ஒளிவட்டம் தெரியும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும். ஆலோசகர் “கண்ணாடியே வேண்டாம்” என்று சொன்னால், தூரத்துக்கா, கிட்டத்துக்கா என்று திருப்பிக் கேளுங்கள்.

லென்ஸின் பிராண்டைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர்கள், எத்தனை முறை அளந்தார்கள், எத்தனை கருவியில் அளந்தார்கள், எண்கள் ஒத்துப்போனதா, லென்ஸ் சுழன்றால் சரிசெய்யக் கட்டணம் உண்டா என்ற நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

அறுவை நாள்: உட்கார்ந்த நிலையில் குறியிடுவது

நாம் படுக்கும்போது கண் குழிக்குள் இரண்டு மூன்று டிகிரி சுழலும். சிலருக்குப் பத்தைத் தாண்டும். அளவெடுத்தது உட்கார்ந்த நிலையில், அறுவை படுத்த நிலையில். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் அரங்குக்குள் போகுமுன் குறியிடுவது.

மரத்துப்போகும் சொட்டு போட்டு, உங்களை நேராக உட்காரவைப்பார்கள். முதுகு சாயக் கூடாது, தலை சாயக் கூடாது. எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைக் காட்டி இரு கண்ணாலும் பார்க்கச் சொல்வார்கள். மறு கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். மூடினால் பார்வை விலகும். ஊதா மையில் மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் கருவிழியின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு புள்ளி. ஈரத்தில் மை பரவிவிட்டால் துடைத்து மறுபடி வைப்பார்கள். ஒரு கொழுத்த புள்ளியே சில டிகிரிகளை விழுங்கிவிடும். சில இடங்களில் கண்ணின் ரத்தக்குழாய்களைப் படமெடுத்து, நுண்ணோக்கிக்குள் கோடாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. மை தேவையில்லை. ஆனால் கவனமாக வைத்த மைப்புள்ளியும் நல்ல முடிவைத் தருகிறது.

இந்த இரண்டு நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. கூன் விழுந்தவர்கள், கழுத்து வலி உள்ளவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். நாற்காலியை அதற்கேற்றாற்போல ஏற்றி இறக்குவார்கள்.

அரங்குக்குள்

இங்கே நோயாளி செய்யவேண்டியது அசையாமல் படுத்திருப்பதும், இருமல் வந்தால் முன்கூட்டிச் சொல்வதும் மட்டுமே. மருத்துவர் சிறு வெட்டுப் போட்டு, லென்ஸ் பையின் முன்பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவில் வட்டமாகத் திறந்து, புரையை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சுவார். அந்த வட்டம் லென்ஸின் விளிம்பைச் சுற்றிலும் சற்று மூடியபடி இருப்பது லென்ஸைப் பிடித்துவைக்க உதவும். மடித்த லென்ஸ் உள்ளே விரிந்ததும், அதன் மேலிருக்கும் சிறு புள்ளிகளை இலக்குக்குப் பத்துப் பதினைந்து டிகிரி முன்னதாகவே நிறுத்துவார். பெரும்பாலான லென்ஸ்களை ஒரு திசையில்தான் எளிதாகச் சுழற்ற முடியும். பைக்குள் நிரப்பிய பசைத் திரவத்தை, லென்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதையும் சேர்த்து, முழுக்க எடுத்த பிறகே கடைசியாக அச்சுக்குக் கொண்டுவருவார். பசை மிச்சமிருந்தால் லென்ஸ் அதில் வழுக்கிச் சுழலும்.

முதல் மணிநேரம், முதல் நாள், முதல் மாதம்

லென்ஸ் சுழல்வது என்றால் பெரும்பாலும் முதல் சில மணிநேரத்திலேயே நடக்கிறது. அறுவை முடிந்த அன்று ஓய்வாக இருங்கள். பெரிய கண் உள்ளவர்களுக்கு, அதாவது அதிக மைனஸ் பவர் இருந்தவர்களுக்கு, பையும் பெரிது என்பதால் சுழலும் வாய்ப்புச் சற்று அதிகம்.

மறுநாள் கட்டு பிரித்ததும் தெளிவில்லையே என்று உடனே சோர்ந்துவிடாதீர்கள். கருவிழி வீங்கியிருக்கலாம், கண்மணி விரிந்திருக்கலாம். கண்மணியை விரித்துப் பார்த்து லென்ஸின் புள்ளிகள் எந்த டிகிரியில் நிற்கின்றன என்று மருத்துவர் குறித்துவைப்பார். பத்து டிகிரிக்கு மேல் விலகி, பார்வையும் மங்கியிருந்தால், ஒன்று இரண்டு வாரத்துக்குள் மறுபடி அரங்குக்கு அழைத்துச் சரியான இடத்துக்குச் சுழற்றுவார். மிக முன்னதாகச் செய்தால் மறுபடி சுழலலாம்; நாளானால் பை லென்ஸை இறுகப் பிடித்துக்கொள்ளும். சில நிமிட வேலைதான் என்றாலும் அது இன்னொரு அறுவை, அதற்குரிய கவனம் வேண்டும்.

சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்த நாள்வரை விடாதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள், தூக்கத்தில் கை போகும் என்பதால் இரவில் கண்ணுக்குப் பாதுகாப்பு மூடியை மாட்டிக்கொள்ளுங்கள். வலி கூடுவது, சிவப்பு கூடுவது, நன்றாகத் தெரிந்த பார்வை மங்குவது, இமைகள் வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமித்தொற்று என்றால் ஒவ்வொரு மணிநேரமும் கணக்கு.

கண்ணாடிக்கான சோதனையை ஃபேக்கோவுக்குப் பின் ஒரு மாதம் கழித்தும், பெரிய வெட்டு அறுவை என்றால் ஆறு வாரம் கழித்தும் செய்துகொள்ளுங்கள். அவசரப்பட்டு இரண்டாம் வாரமே கண்ணாடி வாங்கினால் மறுபடி மாற்றவேண்டியிருக்கும். அதுவரை, பழைய கண்ணாடியில் அறுவை செய்த பக்கத்துக்கு மட்டும் பவர் இல்லாத கண்ணாடியைக் கடைக்காரரிடம் மாட்டித் தரச் சொல்லலாம். இரு கண்களின் பவரும் வெகுவாக வேறுபட்டிருந்தால் இதனால் தலைசுற்றலோ இரட்டைப் பிம்பமோ வரலாம். அப்படியானால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

லென்ஸின் பெயர், பவர், சிலிண்டர், வரிசை எண் ஒட்டிய அட்டை ஒன்றைத் தருவார்கள். அதில் அச்சு எழுதப்படாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். அதைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். இரண்டாவது கண்ணுக்கு வரும்போது அந்த அட்டையையும், முதல் கண்ணின் ஒரு மாதச் சோதனைச் சீட்டையும் கொண்டுவாருங்கள். முதல் கண்ணில் கால் டயாப்டர் மிஞ்சியிருந்தால், எந்தத் திசையில் மிஞ்சியது என்பது இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்த எங்களுக்கு உதவும். பழைய தாள் இருக்கிறதே என்று சொன்னாலும், நாடியை வைக்கச் சொல்லி மறுபடி மூன்று முறை அளப்பேன்.